மச்சான் கடையில் போட்ட ஷீட்டும் நோட் 38-உம்

மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கேட்டிருக்கிறார். ஓய்வுபெற்றபோது வந்த பணத்தில் ஒரு பகுதியைப் பங்குச்சந்தையில் பட்டியலிட்ட ஒரு கம்பெனியில் போட்டிருக்கிறார். இந்த வருட ஆண்டறிக்கையைப் புரட்டியபோது கணக்கின் பின்னால் வரும் விளக்கக் குறிப்புகளில், நோட் 38-இல், இரண்டு விஷயம் கண்ணில் பட்டிருக்கிறது. கம்பெனித் தலைவரின் மனைவிக்குச் சொந்தமான கிடங்குக்குக் கம்பெனி வாடகை கொடுக்கிறது. தலைவரின் தம்பி நடத்தும் ஒரு தனியார் கம்பெனிக்குக் கடன் கொடுத்திருக்கிறது. "இது திருட்டா, இல்லை சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறதா? இவ்வளவை வெளியே சொன்னவர்கள் சொல்லாமல் விட்டது எவ்வளவு இருக்கும்? அதை என்னைப் போன்றவன் எப்படிக் கண்டுபிடிப்பது?" என்பது கேள்வி.

நாகர்கோவிலில் இருபத்தைந்து வருடமாக ஆடிட்டராக இருக்கிறேன். அதற்கு முன்னால் சென்னையில் ஓர் ஆடிட்டரிடம் பயிற்சி பெறும் ஆர்ட்டிகிள் பையனாக இருந்தபோது பட்டியலிட்ட கம்பெனிகளின் லெட்ஜரைப் புரட்டிய அனுபவமும் கொஞ்சம் உண்டு. நீளமாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள் சார்.

நம்ம ஊர் விஷயத்திலிருந்தே தொடங்குகிறேன். குலசேகரம் பக்கம் அண்ணன் தம்பி மூன்று பேருக்குப் பொதுவாக நாலு ஏக்கர் ரப்பர் விளை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் கல்ஃபில். மூத்தவர் ஊரில் இருந்து பார்த்துக்கொள்கிறார். ஷீட்டையும் ஒட்டுப்பாலையும் அருமனையில் மனைவியின் அண்ணன் கடையில் போடுகிறார். இதில் மட்டும் ஒரு தப்பும் இல்லை. தெரிந்த கடை, எடையில் ஏமாற்ற மாட்டார்கள், பணம் கையோடு வரும். ரப்பருக்குக் கோட்டயம் சந்தை விலை தினமும் பேப்பரில் வருகிறது. "கோட்டயம் விலைக்கு ரெண்டு ரூபாய் குறைவு, ஆனால் வண்டிக்கூலி மிச்சம்" என்று தம்பிகளிடம் சொல்லிவிட்டால் கணக்கு சுத்தம். பத்து ரூபாய் குறைத்துப் போட்டு, அதில் ஐந்தை மச்சானிடம் தனியாக வாங்கிக்கொண்டால் அது தம்பிகள் வயிற்றில் அடிப்பது. அதற்கும் மேலே ஒரு படி உண்டு: கடை மச்சானுடையது என்பதே தம்பிகளுக்குத் தெரியாதபடி வேறு யார் பெயரிலோ பில் வருவது.

கம்பெனி உலகில் ரிலேட்டட் பார்ட்டி என்று சொல்வது இந்த மச்சான் கடையைத்தான். சட்டம் அதைத் தடை செய்யவில்லை. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 188-ஆம் பிரிவு, வழக்கமான வியாபாரமாக, வெளியாளிடம் கிடைக்கும் அதே விலையில் நடந்தால் தனி ஒப்புதல்கூடக் கேட்பதில்லை. சிக்கல் எங்கே என்றால், ரப்பருக்கு ஒரு கோட்டயம் விலை இருப்பதுபோல எல்லாவற்றுக்கும் விலை கிடையாது. தலைவரின் குடும்பப் பெயரை பிராண்டாகப் பயன்படுத்துவதற்கு ராயல்டி எவ்வளவு? "மேலாண்மை ஆலோசனை"க்குக் கட்டணம் எவ்வளவு? ஊருக்கு வெளியே கிடக்கும் நிலத்துக்கு? கை வைக்கிறவர்கள் பெரும்பாலும் பேப்பரில் விலை வராத இந்த மாதிரிச் சரக்கில்தான் கை வைப்பார்கள்.

அடுத்தது யார் உறவினர் என்பது. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கம்பெனிச் சட்டத்தின் பட்டியலில் கணவன் அல்லது மனைவி, அப்பா, அம்மா, மகன், மருமகள், மகள், மருமகன், அண்ணன் தம்பி, அக்கா தங்கை, இந்துக் கூட்டுக் குடும்பத்தின் உறுப்பினர்கள், அவ்வளவுதான். சித்தப்பா இல்லை, தாய்மாமா இல்லை, மனைவியின் அண்ணனும் இல்லை. நம்ம ஊர்க் கல்யாண வீட்டில் மச்சான் முகம் கோணினால் பந்தியே நடக்காது. அந்தச் சட்டத்தின் கண்ணுக்கோ அவர் யாரோ!

பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி இந்த ஓட்டையைப் பாதி அடைத்திருக்கிறது. பட்டியலிட்ட கம்பெனிகளுக்கான 2015-ஆம் ஆண்டு விதிகளைத் திருத்தி, 2022 ஏப்ரல் முதல் புரமோட்டர், அதாவது கம்பெனியைக் கையில் வைத்திருக்கும் முதலாளி, அவர் குழுவில் வருகிற எல்லோருமே ரிலேட்டட் பார்ட்டி என்று ஆக்கிவிட்டது. புரமோட்டரின் மனைவியுடைய பெற்றோரும் உடன்பிறந்தவர்களும் அந்தக் குழுவில் அடங்குவார்கள். ஆக, புரமோட்டரின் மச்சான் மாட்டிக்கொண்டார். சம்பளத்துக்கு வேலை பார்க்கிற நிர்வாக இயக்குநரின் மச்சான் இன்னும் வெளியேதான் நிற்கிறார். 2023 ஏப்ரலில் இன்னும் இரண்டு விஷயம் சேர்ந்தது. 10 சதவீதமோ அதற்கு மேலோ பங்கு வைத்திருப்பவரும் ரிலேட்டட் பார்ட்டி. நடுவில் சம்பந்தமே இல்லாத ஒருவரை நிறுத்தி, அவர் வழியாக உறவுக்காரருக்கு நன்மை போய்ச் சேர்வதே நோக்கமும் விளைவுமாக இருந்தால் அதுவும் ரிலேட்டட் பார்ட்டி பரிவர்த்தனைதான்.

இந்தக் கடைசி வரி எவ்வளவு பெரியது என்பதை அதானி விவகாரத்தில் பார்க்கலாம். அதானி குழுமக் கம்பெனிகள் வெளியாட்களின் கம்பெனிகளுக்குப் பணம் கொடுத்து, அவர்கள் அதைத் திரும்பக் குழுமத்துக்குள்ளேயே கடனாகக் கொடுத்ததாக 2023 ஜனவரியில் ஹிண்டன்பர்க் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் குற்றம் சாட்டியது. 2025 செப்டம்பரில் செபி அந்த நடவடிக்கையை முடித்துவைத்தது. கடன்கள் வட்டியோடு திரும்பிவிட்டன, அது நடந்த நாளில் இருந்த விதிப்படி அது ரிலேட்டட் பார்ட்டி பரிவர்த்தனையே அல்ல, பின்னால் வந்த திருத்தம் முன்னால் நடந்ததைக் கட்டுப்படுத்தாது என்று சொல்லிவிட்டது. யாருக்கும் வக்காலத்து வாங்க இதைச் சொல்லவில்லை. பணம் போன பாதை ஒன்றேதான், ஆனால் எந்த வருடம் போனது என்பதைப் பொறுத்து அதன் பெயர் மாறிவிடுகிறது.

ஒப்புதல் எப்படி என்றால், போர்டின் கணக்குக் குழுவான ஆடிட் கமிட்டியில் இருக்கிற, முதலாளிக்குச் சம்பந்தமில்லாத சுயேச்சை இயக்குநர்கள் மட்டும்தான் இப்படிப்பட்ட பரிவர்த்தனைக்குக் கை தூக்க முடியும். 1,000 கோடி ரூபாய், அல்லது ஆண்டு விற்றுமுதலில் 10 சதவீதம், இதில் எது குறைவோ அதைத் தாண்டினால் பங்குதாரர் ஓட்டு வேண்டும் என்று 2022-இல் வைத்தார்கள். 2025-இல் பெரிய கம்பெனிகளுக்கு அந்த அளவைத் தளர்த்த செபி வாரியம் முடிவெடுத்தது. அந்த ஓட்டெடுப்பில் ரிலேட்டட் பார்ட்டி யாரும் ஆதரவாக ஓட்டுப் போடக் கூடாது. எதிர்த்துப் போடலாம், அது அவர்கள் பாடு. தலைவரிடம் 60 சதவீதப் பங்கு இருந்தாலும் அந்தத் தீர்மானத்துக்கு அது செல்லாக்காசு.

சரி, மறைக்கிறவர்கள் எப்படி மறைக்கிறார்கள்? உங்கள் கேள்வியின் கனமான பகுதி இதுதான்.

சத்யம் என்ற சாஃப்ட்வேர் கம்பெனியின் கதையை எல்லோரும், கணக்கில் பொய் என்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு ஒப்புக்கொண்டு கடிதம் எழுதிய 2009 ஜனவரி 7-இல் தொடங்குவார்கள். நான் அதற்கு மூன்று வாரம் முந்திய 2008 டிசம்பர் 16-இல் தொடங்குவேன். அன்றைக்கு சத்யம் போர்டு, ராஜு குடும்பத்தின் மேடாஸ் கம்பெனிகள் இரண்டை 160 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. மேடாஸ் என்பதன் ஆங்கில எழுத்துகளைப் பின்னாலிருந்து படித்தால் சத்யம் வரும்; ஒளிவுமறைவே இல்லை. சாஃப்ட்வேர் கம்பெனி எதற்காக ரியல் எஸ்டேட் வாங்க வேண்டும் என்று முதலீட்டாளர்கள் கொதித்ததில், சில மணி நேரத்திலேயே பின்வாங்கினார்கள். ஏன் அந்த அவசரம் என்பது பிறகு கடிதத்தில் வந்தது. கணக்கில் 5,361 கோடி ரூபாய் ரொக்கமும் வங்கி இருப்பும் என்று காட்டியதில் 5,040 கோடி இல்லவே இல்லாத பணம். இல்லாத சொத்தின் இடத்தில் நிஜமான சொத்தை வைக்கிற கடைசி முயற்சி அந்த மேடாஸ் பேரம் என்று ராஜுவே எழுதியிருந்தார். வெளிப்படையாக வந்த ஒரு ரிலேட்டட் பார்ட்டி பேரத்தைப் பங்குதாரர்கள் தடுத்ததால்தான் வருடக்கணக்கில் மறைத்த பொய் அந்த நேரத்தில் வெடித்தது. நோட் 38-ஐப் படிக்கிறவர்களை நான் மதிப்பதற்கு இதுவே போதும்.

ஃபோர்டிஸ் மருத்துவமனை விவகாரம் வேறு மாதிரி. மால்விந்தர் சிங், சிவிந்தர் சிங் சகோதரர்கள் புரமோட்டர்கள். அதன் துணைக் கம்பெனியிலிருந்து மூன்று கம்பெனிகளுக்குக் குறுகிய காலக் கடன் போனது. காலாண்டு தொடங்கும்போது பணம் வெளியே போகும், காலாண்டு முடியும்போது திரும்பி வரும், மறுநாள் மறுபடியும் போகும். கணக்கை மூடும் தேதியில் பார்த்தால் நிலுவை ஒன்றும் இருக்காது. ஊரில் சிட்டிக் கணக்கு பார்க்க ஆள் வருகிற அன்றைக்கு மட்டும் பெட்டியில் பணம் இருப்பது மாதிரி. கடைசியில் ஒருமுறை போன பணம் திரும்பவில்லை. 403 கோடி ரூபாயை வட்டியோடு திரும்பக் கட்டச் சொல்லி செபி 2018 அக்டோபரில் உத்தரவு போட்டது. இந்தக் கதையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் சார், உங்கள் நோட் 38-க்கு இது வேண்டியிருக்கும்.

காபி டே கதை நம்மைப் போன்ற தோட்டக்காரர்களுக்குச் சட்டென்று புரியும். 2019 ஜூலையில் அதன் நிறுவனர் சித்தார்த்தா இறந்த பிறகு கணக்கை நோண்டியபோது, பட்டியலிட்ட கம்பெனியின் ஏழு துணைக் கம்பெனிகளிலிருந்து 3,535 கோடி ரூபாய், அந்தக் குடும்பத்தின் தனியார் காப்பித் தோட்டக் கம்பெனி ஒன்றுக்குப் போயிருந்தது தெரிந்தது. செபி 2023 ஜனவரியில் 26 கோடி அபராதம் போட்டது. பட்டியலில் இருந்தது மேலே உள்ள கம்பெனி, பணம் கசிந்ததோ கீழே உள்ளவற்றிலிருந்து. தாய்க் கம்பெனியின் தனிக் கணக்கை மட்டும் படித்து நிம்மதியாகத் தூங்குகிறவர்களுக்கு இந்தக் கசிவு தெரியாது.

ஜென்சால் என்ற கம்பெனியின் கதை இன்னும் புதுசு. 2025 ஏப்ரலில் வந்த செபியின் இடைக்கால உத்தரவைக் கதைப் புத்தகம் மாதிரி படிக்கலாம். 6,400 மின்சாரக் கார் வாங்குவதற்கென்று 664 கோடிக்குக் கொஞ்சம் குறைவாக அரசு நிதி நிறுவனங்களிடம் கடன். வாங்கியது 4,704 கார்தான், விலை 568 கோடி சொச்சம். கம்பெனி தன் பங்காகப் போட வேண்டிய 20 சதவீதத்தையும் சேர்த்தால் 262 கோடிக்குக் கணக்கு இல்லை என்றது செபி. கார் விற்கும் கம்பெனிக்குப் போன பணம் அங்கிருந்து புரமோட்டர்கள் சம்பந்தப்பட்ட இடங்களுக்கு நகர்ந்து, குருகிராமில் ஆடம்பர வீட்டுக்கும் 26 லட்சம் ரூபாய் கோல்ஃப் செட்டுக்கும் போயிருக்கிறது என்கிறது உத்தரவு. எனக்குப் பிடித்த இடம் அதுவல்ல. புனே பக்கத்தில் மின்சார வாகனத் தொழிற்சாலை என்று சொன்ன இடத்துக்குத் தேசியப் பங்குச்சந்தை அதிகாரி நேரில் போனார். இரண்டு மூன்று தொழிலாளிகள் மட்டும் இருந்தார்கள். கரண்ட் பில்லைப் பார்த்தால் முந்திய ஒரு வருடத்தில் அதிகபட்ச மாத பில் 1.57 லட்சம். பெரிய பெரிய தடயவியல் தணிக்கைக்கு முன்னால் ஒரு கரண்ட் பில் பேசிவிட்டது.

என் ஆர்ட்டிகிள் காலத்திலும் இப்படி ஒன்று நடந்தது. கம்பெனி பெயர் வேண்டாம். அட்டைப்பெட்டி சப்ளை பண்ணிய ஒரு வியாபாரியின் பில்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். ஏப்ரலில் பில் நம்பர் 14, மே மாதம் 15, ஜூனில் 16. வருடம் முழுக்க ஒரு நம்பர்கூட விடுபடவில்லை. அப்படியென்றால் அந்த ஆளுக்கு இந்தக் கம்பெனியைத் தவிர வேறு வாடிக்கையாளரே கிடையாது. அன்றைக்கு சாயங்காலம் பில்லில் இருந்த முகவரியைத் தேடிப் போனேன். ஓட்டு வீடு, வாசலில் துணி காய்ந்தது. அது கம்பெனி முதலாளியின் டிரைவர் வீடு. சீனியரிடம் சொன்னேன், அவர் கோப்பில் எழுதச் சொன்னார், எழுதினேன். அடுத்த வருடம் அந்தக் கம்பெனிக்கு வேறு ஆடிட்டர் வந்துவிட்டார். பங்குதாரர் யாருக்கும் எதுவும் தெரியாது.

ஆனால் உங்களால் டிரைவர் வீட்டைத் தேடிப் போக முடியாது. வீட்டில் உட்கார்ந்து என்ன பார்க்கலாம் என்று சொல்கிறேன். லாபத்தை முதலில் பார்க்காதீர்கள், அது எழுதுவதற்குச் சுலபமானது. ஐந்து வருட லாபத்தைக் கூட்டுங்கள், அதே ஐந்து வருடத்தில் வியாபாரத்திலிருந்து வந்த ரொக்கத்தைப் பணப்போக்கு அறிக்கையிலிருந்து எடுத்துக் கூட்டுங்கள். லாபம் 500, ரொக்கம் 120 என்று நின்றால் மிச்சம் எங்கோ உட்கார்ந்திருக்கிறது. "சப்ளையருக்கு முன்பணம்", "பிற கடன்கள்", "கட்டுமானத்தில் உள்ள சொத்து" ஆகிய தலைப்புகளில் தேடுங்கள். நாலு வருடமாகக் கட்டி முடியாத தொழிற்சாலைக்குப் பின்னால் பல நேரம் ஒரு டிரைவர் வீடு இருக்கும். வங்கியில் 800 கோடி இருப்பு என்று எழுதிவிட்டு வட்டி வருமானம் 9 கோடி என்று காட்டினால், இருப்பு பொய், அல்லது வருடக் கடைசியில் மட்டும் வந்து போகிற பணம். கையில் அவ்வளவு பணம் இருக்கும்போதே 11 சதவீத வட்டிக்குக் கடன் வாங்கிக்கொண்டும் இருந்தால் சந்தேகம் இரட்டிப்பாக வேண்டும். நம்ம வீட்டில் யாராவது பீரோவில் பணத்தை வைத்துக்கொண்டு நகையை அடகு வைப்பார்களா?

ஆடிட்டர் நடு வருடத்தில் ராஜினாமா செய்தால் கடிதத்தைத் தேடிப் படியுங்கள். "சொந்தக் காரணம்" என்று ஒரு வரி மட்டும் இருந்தால் நான் பங்கை விற்றுவிடுவேன், காரணம் பிறகு தெரிந்துகொள்ளலாம். துணைக் கம்பெனிகளை யாரோ பெயர் தெரியாத ஆடிட்டர்கள் பார்த்திருக்கிறார்கள், அவர்கள் சொன்னதை நாங்கள் அப்படியே ஏற்றுக்கொண்டோம் என்று தலைமை ஆடிட்டர் எழுதியிருந்தால், அந்தத் துணைக் கம்பெனிகளில் எவ்வளவு சொத்து இருக்கிறது என்று பாருங்கள். புரமோட்டரின் பங்கு அடமானத்தில் கூடிக்கொண்டே போவது காலாண்டுக்கு ஒருமுறை பங்குச்சந்தை தளத்தில் வரும். சந்தேகப்படும் தனியார் கம்பெனி இருந்தால், கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் 100 ரூபாய் கட்டி அதன் ஆவணங்களைப் பார்க்கலாம். இயக்குநர்கள் யார், பதிவு முகவரி எது என்பதற்கு மட்டும் அந்த 100 ரூபாயை நான் பல தடவை செலவு பண்ணியிருக்கிறேன்.

இப்போது உங்கள் நோட் 38. கிடங்கு வாடகை கவலைப்பட வேண்டிய தொகையா என்று முதலில் பாருங்கள். சதுர அடிக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டு, அந்த ஊரில் தெரிந்த ஒருவரிடம் நடப்பு வாடகையை விசாரித்தால் கோட்டயம் விலை கிடைத்த மாதிரி. வாடகையை விட அட்வான்ஸ் தொகையைப் பாருங்கள். குறைந்த வாடகை, மூன்று வருட வாடகைக்குச் சமமான வட்டியில்லா அட்வான்ஸ் என்றால் அது வாடகை வேஷம் போட்ட கடன்.

எனக்கு உறுத்துவது தம்பி கம்பெனிக்குக் கொடுத்த கடன்தான். வட்டி வீதத்தை, உங்கள் கம்பெனி வங்கிக்குக் கொடுக்கும் வட்டியோடு ஒப்பிடுங்கள். 10-க்கு வாங்கி 7-க்குக் கொடுத்தால் அந்த மூன்று சதவீதம் உங்கள் பணம். அசல் குறைகிறதா, இல்லை வட்டியும் அசலில் சேர்ந்து வருடாவருடம் வீங்குகிறதா என்று கடந்த மூன்று அறிக்கைகளை எடுத்துவைத்துப் பாருங்கள். அப்புறம், ஃபோர்டிஸ் கதையை நினைவில் வைக்கச் சொன்னேனே, அது இங்கே வருகிறது. துணைக் கம்பெனிகளுக்கும் இயக்குநர்களுக்கு அக்கறை உள்ள கம்பெனிகளுக்கும் கொடுத்த கடனில், மார்ச் 31 நிலுவை மட்டும் போதாது, வருடத்தில் எந்த நாளிலும் இருந்த உச்சபட்ச நிலுவையையும் ஆண்டறிக்கையில் காட்ட வேண்டும் என்று செபி விதி சொல்கிறது. மார்ச் 31 நிலுவை 4 கோடி, உச்சபட்சம் 60 கோடி என்று இருந்தால் மற்ற பக்கங்களைப் படிக்க வேண்டியதே இல்லை. ஆடிட்டர் அறிக்கையின் பின்னிணைப்பில், கொடுத்த கடன்கள் பற்றிய மூன்றாவது உட்பிரிவையும் ரிலேட்டட் பார்ட்டி பற்றிய பதிமூன்றாவது உட்பிரிவையும் படியுங்கள். ஆடிட்டர்கள் பயந்து பயந்து எழுதுகிற இடம் அது. அங்கே ஒரு வரி மாறியிருந்தாலும் காரணம் இருக்கும்.

தப்பு என்று தெரிந்தால் பணம் திரும்புமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். டிஎச்எஃப்எல் வீட்டுக் கடன் கம்பெனியில் இல்லாத ஒரு பாந்த்ரா கிளையின் பெயரில் லட்சக்கணக்கான போலிக் கடன் கணக்குகள் இருந்தன. திவால் நடைமுறை 2021-இல் முடிந்தபோது டெபாசிட் போட்டவர்களுக்கு ஒரு பங்கு வந்தது, பங்குதாரர்களுக்கு ஒரு பைசா வரவில்லை. வரிசையில் கடைசியில் நிற்பவர் பங்குதாரர்தான். மறுபக்கம் சிஜி பவர். 2019 ஆகஸ்டில் கணக்கில் பெரிய ஓட்டை என்று கம்பெனியே அறிவித்து, தலைவர் கௌதம் தாப்பரை நீக்கியது. 2020 கடைசியில் நம்ம முருகப்பா குழுமத்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் அதை எடுத்து நிமிர்த்தியது. தொழிற்சாலையும் ஆர்டரும் நிஜமாக இருந்ததால் அது பிழைத்தது. டிஎச்எஃப்எல்லில் சொத்தே கடன் ஏடுகள், அந்த ஏட்டிலேயே பொய்.

கம்பெனிச் செயலாளருக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். குற்றம் சாட்ட வேண்டாம். கடனின் வட்டி, அடமானம், உச்சபட்ச நிலுவை, ஆடிட் கமிட்டி ஒப்புதல் தேதி ஆகிய நாலை மட்டும் கேளுங்கள். பதில் வராவிட்டால் செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் புகார் பதியலாம், 21 நாளுக்குள் கம்பெனி பதில் சொல்லியாக வேண்டும். பொதுக்கூட்ட அறிவிப்பில் இந்தத் தம்பி கம்பெனி பெயர் தீர்மானமாக வந்தால் ஓட்டைத் தவற விடாதீர்கள், வீட்டிலிருந்தே போடலாம். மின்னணு ஓட்டுப்பதிவு குறைந்தது மூன்று நாள் திறந்திருக்கும். கூட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் 5 மணிக்கு மூடிவிடுவார்கள்.